கொடிக்குப் போதும், ஆட்டுக்குப் போதுமா?

சுங்கைப்பட்டாணி,
ஞாயிறு காலை.

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய பதினொரு படங்களும் வந்து சேர்ந்தன. கைப்பேசியில் பார்த்துக் கண் வலித்ததால் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து நான்கை மட்டும் பெரிதாக அச்சடித்து வாங்கினேன். இப்போது அவை மேசையில் தேத்தண்ணி மங்குக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. "குரல் பதிவில் பதில் சொல்லுங்கள் பெரியப்பா" என்று கேட்டிருந்தாய். சொல்லியிருப்பேன். நீ ஆட்டுக்குத் தழை அறுத்துக்கொண்டே பாதியைக் கேட்டுவிட்டு மீதியை மறந்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

உன் கேள்வி ஒரே வரி: ஆட்டுக்காக விதைத்த தீவனக் கொடியின் இலை சிறுத்து வெளுக்கிறது, உரக்கடைக்காரர் துத்தநாகக் குறை என்கிறார், ஒரு மூட்டை சிங்க் சல்பேட் வாங்கட்டுமா? என் பதிலும் ஒரே வரிதான். மூட்டை வேண்டாம், ஒரு கிலோ பொட்டலம் வாங்கு. ஏன் என்பதுதான் இந்தக் கடிதம் முழுக்க.

கடைக்காரர் சொன்னது தப்பில்லை என்றே படுகிறது. உன் மூன்றாவது படத்தில் கொடியின் நுனி இலைகள் சுண்டுவிரல் நகம் அளவில் இருக்கின்றன. நரம்பு பச்சை, நரம்புக்கு இடைவெளி வெளுப்பு. கணுவுக்குக் கணு தூரம் குறைந்து நுனி ரோஜாப்பூ போலக் குவிந்திருக்கிறது. அடியிலுள்ள பழைய இலைகள் ஓரளவு பச்சையாகவே உள்ளன. இதைக் கவனி. தழைச்சத்து குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடி இலை. மக்னீசியம் குறைந்தாலும் அடி இலைதான், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதியதற்குக் கொடுத்துவிடும். துத்தநாகத்தை அப்படி எளிதில் நகர்த்த அதனால் முடியாது, அதனால் பஞ்சம் தளிரில் தெரியும். இரும்புக் குறையும் தளிரில்தான் தெரியும், ஆனால் அப்போது இலை வெளுக்குமே தவிர இவ்வளவு சிறுக்காது. வெளுப்பும் சிறுப்பும் கணுக் குறுக்கமும் சேர்ந்து வந்தால் துத்தநாகத்தின் மேல் சந்தேகப்படலாம். சந்தேகம்தான் படலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்த எச்சரிக்கையை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 1974 என்று நினைவு. பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் கண்டக்டர் வேலைக்குப் புதிதாய்ப் போயிருந்தேன். கித்தா (ரப்பர்) கன்று நாற்றங்காலை என் பொறுப்பில் விட்டார்கள். பாஸ்பேட் வேருக்கு நல்லது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் தாராளமாய்ப் போட்டேன். மூன்றாம் மாதம் புதுத் தளிர்கள் ரிப்பன் மாதிரி ஒடுங்கி, ஓரம் நெளிந்து, முறுக்கிக்கொண்டு வந்தன. சிலந்திப்பூச்சி என்று முடிவு கட்டி இரண்டு முறை கந்தகம் அடித்தேன். வெளியிலிருந்து வந்த ஓர் ஆலோசகர் ஒரு பாத்தியைச் சுற்றி நடந்துவிட்டுச் சிரித்தார். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு வண்ணப் படத்தைத் திறந்து கன்றுக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒரே முகம், இரட்டைப் பிள்ளை மாதிரி. ஷாரக்ஸ் என்பவர் எழுதி, மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1964ல் கோலாலம்பூரில் வெளியிட்ட புத்தகம் அது. ரப்பரிலும், ரப்பர்க் காட்டில் வளர்க்கும் மூடுகொடிகளிலும் எந்தச் சத்துக் குறைந்தால் இலை எப்படி இருக்கும் என்பதற்கான புத்தகம். மரத்துக்கு மட்டுமல்லாமல் கொடிகளுக்கும் சேர்த்து எழுதியதுதான் அதன் பெருமை என்று இன்றும் நினைக்கிறேன். அந்தக் காலத்துத் துரைமார் கொடியை மனுஷனாய் மதித்ததே அதிசயம்.

அவர் ஒரு பாத்திக்கு மட்டும் துத்தநாகக் கரைசல் அடிக்கச் சொன்னார். அடுத்த தளிர் அகலமாய் வந்தது. அடிக்காத பாத்தியில் ரிப்பன்தான். முறுக்கிய பழைய இலைகள் முறுக்கியபடியே நின்றன. எனக்குத் திட்டு விழவில்லை, ஆனால் அந்தக் கந்தகத்தின் கணக்கை மாதக் கடைசியில் கிராணி என்னிடம் வாசித்துக் காட்டினார்.

இப்போது உன் நிலத்துக்கு வருகிறேன். நம் பக்கத்து மண் புளிப்பு மண். புளிப்பு மண்ணில் துத்தநாகம் எளிதில் கரைந்து வேருக்குக் கிடைக்கும், சாதாரணமாய்க் குறை தெரியாது. இந்தியாவில் துத்தநாகக் குறை பெரும்பாலும் சுண்ணாம்பு மண்ணின் வியாதி. 1966ல் பந்த்நகரில் நேனே என்பவர், தெராய் பகுதி நெல்லில் ஊரார் கைரா என்று சொல்லிவந்த செம்பழுப்பு நோய் கிருமியால் வருவதல்ல, துத்தநாகக் குறைதான் என்று கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் நெல்வயலுக்குச் சிங்க் சல்பேட் பழக்கமானது. அப்படியிருக்க, கோல கெட்டில் மேட்டில், இந்தப் புளிப்பில், உனக்கு எப்படி வந்தது?

நீயே வரவழைத்துக்கொண்டாய், மகளே. கோபப்படாதே, எண்ணிக்கொண்டே வா.

முதலில் புல்டோசர். பழைய கித்தா மரங்களைத் தள்ளியபோது மேட்டைச் சமப்படுத்தி, மேல்மண்ணைப் பள்ளத்தில் கொட்டினார்கள். நான் அன்றைக்கே உன் அப்பாவிடம் சொன்னேன், அவன் காதில் விழவில்லை. துத்தநாகம் பெரும்பாலும் மேலே, மக்கும் தழையோடுதான் கிடக்கும். மேல்மண் போன இடத்தில் நீ விதைத்தது செம்புறைக் கப்பியில்.

அடுத்தது குதிரைமசால். தமிழ்நாட்டுக்காரர் காணொளியில் ஆடுகள் குதிரைமசாலை ஆவலாய்த் தின்பதைப் பார்த்து, நீ விதை வரவழைத்தாய். நல்ல தீவனம், மறுக்கவில்லை. ஆனால் அது புளிப்பைத் தாங்காத செடி. புளிப்பு மண்ணில் கரைந்து நிற்கும் அலுமினியம் அதன் வேர் நுனியைக் கருக்கிவிடும். அதனால் உனக்கு யாரோ சுண்ணாம்பு போடச் சொன்னார்கள், ஜி.எம்.எல். என்ற மக்னீசியச் சுண்ணாம்பை லாரிக் கணக்கில் இறக்கினாய். பி.எச். ஓர் எண் ஏறினால் மண்ணீரில் கரைந்து நிற்கும் துத்தநாகம் கணக்குப்படி நூறில் ஒரு பங்காக இறங்கும். நீ இரண்டு எண் ஏற்றியிருக்கிறாய்.

அதற்கு மேல் ராக் பாஸ்பேட். எங்கள் காலத்துத் தோட்டங்களில் அது கிறிஸ்மஸ் தீவிலிருந்து வரும். சி.ஐ.ஆர்.பி. என்று மூட்டையில் எழுதியிருக்கும், கொடிக்குப் போடும் ஒரே உரம் என்றே சொல்லலாம். பயறு இனத்துக்கு அது தேவைதான். அளவு மீறினால் செடி சட்டென்று வளர்ந்து, கிடைத்த கொஞ்சத் துத்தநாகம் பெரிய உடம்பில் நீர்த்துப்போகும். அதோடு மணிச்சத்து மிகுந்த இடத்தில் வேர் உட்பூசணம் சோம்பிவிடும். அந்தப் பூசணம்தான் வேர் எட்டாத இடுக்கிலிருந்து துத்தநாகத்தை இழுத்து வந்து தரும் வேலைக்காரன்.

ஆக, உன் மண்ணில் துத்தநாகம் அடியோடு இல்லாமல் போகவில்லை. ஒரு பகுதி பள்ளத்தில் கிடக்கிறது, ஒரு பகுதி பூட்டப்பட்டிருக்கிறது. சாவியைத் தூக்கி எறிந்தது ஒரு விதைக்காக. இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மூட்டை வாங்குவதற்கு முன் நீ கேட்க வேண்டிய கேள்வி "என்ன உரம்" என்பதல்ல. "இந்த மண்ணுக்கு ஏற்ற செடி எது" என்பதுதான்.

செடிக்குச் செடி இதில் எவ்வளவு வேறுபாடு என்பதை ஆஸ்திரேலியாக்காரர்களைப் பார்த்துத் தெரிந்துகொள். தெற்கு ஆஸ்திரேலியாவில் தொண்ணூறு மைல் பாலைவனம் என்று ஒரு நிலம் இருந்தது. பெயர்தான் பாலைவனம், மழை ஓரளவு பெய்யும். புதர் முளைக்கும், மேய்ச்சல் மட்டும் வராது. 1940களில் அங்கே செம்பும் துத்தநாகமும் இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஏக்கருக்குச் சில கிலோ சேர்த்ததும் குளோவரும் குதிரைமசாலும் வந்தன. 1949 முதல் ஒரு காப்பீட்டு நிறுவனமே பணம் போட்டு அந்தப் பாலைவனத்தைப் பண்ணைகளாக்கியது. அதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்.

அதற்கு அரை நூற்றாண்டு கழித்து அதே நாட்டில் வேறு ஒரு கேள்வி எழுந்தது. உரம் போடாமலே குறைந்த துத்தநாகத்தில் பிழைக்கும் ரகம் உண்டா? அடிலெய்டில் ராபின் கிரஹாம் முதலானோர் கோதுமையில் பார்த்தார்கள். துருக்கியின் அனத்தோலியா மேட்டுநிலத்தில் இஸ்மாயில் சக்மக் குழுவினர் பார்த்தபோது, ஒரே வயலில் ரை என்ற தானியம் துத்தநாகம் இல்லாமலே சமாளித்தது, ரொட்டிக் கோதுமை நடுவில் நின்றது, துரம் கோதுமை சுருண்டது. 1999ல் கிரேவால், வில்லியம்ஸ் என்ற இருவர் இதே சோதனையை உன் குதிரைமசாலிலேயே செய்து வெளியிட்டார்கள். ரகத்துக்கு ரகம் தாங்கும் சக்தி வேறுபட்டது. ஒரே செடி, ஒரே பெயர், ஒரே மாதிரி பூ. ஆனால் ஒன்று பசியைப் பொறுத்தது, இன்னொன்று பொறுக்கவில்லை. துத்தநாகம் போதுமான குதிரைமசால் வறட்சியையும் நீர் தேங்குவதையும் கூடுதலாய்த் தாங்கியது என்று அதே இருவரின் இன்னொரு ஆய்வு சொல்கிறது. சனவரி, பிப்ரவரியில் வெடித்து, அக்டோபரில் சொதசொதக்கும் நம் கெடா மண்ணில் இது சின்ன விஷயமில்லை.

எப்படிப் பொறுக்கிறது என்று கேட்பாய், நீ படித்தவள். துத்தநாகம் மண்ணில் நீரோடு ஓடி வருவதில்லை. வேரைச் சுற்றி ஒரு மயிரிழைத் தூரத்திலிருந்து மெல்ல ஊர்ந்து வரும். அதனால் மெல்லிய வேர் நிறைய விடும் ரகத்துக்கு முதல் வெற்றி. தடித்த ஆணிவேர் ஒன்றை மட்டும் இறக்கும் செடி ஆழத்தில் நீர் குடிக்கும், மேலே துத்தநாகத்தைக் கோட்டைவிடும். சில வேர்கள் அமிலங்களைக் கசியவிட்டுப் பூட்டைத் திறக்கின்றன. சில பூசணத்தோடு கூட்டு வைத்துக்கொள்கின்றன. இன்னும் சில ரகங்கள் அதிகம் எடுப்பதில்லை, எடுத்ததைச் சிக்கனமாய்ச் செலவழிக்கின்றன. இலைக்குள் துத்தநாகம் இல்லாமல் வேலை செய்யாத நொதிகள் உண்டு. குறைந்த துத்தநாகத்திலும் அவற்றை ஓட்டிக்கொண்டிருக்கச் சில ரகங்களுக்குத் தெரிகிறது. உன் அம்மா ஒரு கோழியில் ஏழு பேருக்குக் குழம்பு வைப்பாளே, அந்தத் திறமை.

அந்தக் கடைசி வகையில்தான் எனக்கு ஒரு கவலை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் நம் தோட்டத்துக் கொடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வேலிக்கு அப்பால் எண்ணெய்ப்பனைக் காட்டில் கண்ணை மூடும் அளவுக்குக் கொடி மண்டிக் கிடக்கிறதே, அதை அறுத்துப் போட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். உன் தாத்தா காலத்தில், 1920கள் வரை, கித்தாக் காட்டில் ஒரு புல் இருக்கக் கூடாது. நம் ஆட்கள் மண்வெட்டியால் வழித்து எடுப்பார்கள். மழையில் மண்ணும் சேர்ந்து போனது. 1925ல் ஆராய்ச்சிக் கழகம் வந்தபின், அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டில் மெதுவாகக் கொடி வந்தது. பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா, இந்த மூன்றையும் கலந்துதான் விதைப்போம். விதை தோல் கடினம், வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். கை பொறுக்காத சூட்டில் ஊறவைத்த அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. பிறகு 1990களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து முக்குனா பிராக்டியேட்டா வந்தது. ஆழமாய் வேர்விடும், நிழலைத் தாங்கும், வறட்சியையும் தாங்கும், லாலாங் புல்லை மூச்சுத் திணற வைத்துவிடும். இன்று நீ பார்ப்பது பெரும்பாலும் அதுதான்.

அதை ஆட்டுக்குப் போடாதே. தோட்டக்காரன் அதை விரும்பியதற்கு ஒரு காரணமே மாடு அதைத் தொடாது என்பது. கலப்பகோனியமும் மயிர் அடர்ந்த இலை, பச்சையாய் இருக்கும்போது மாடு முகர்ந்துவிட்டுப் போகும். தோட்டம் கொடியைத் தேர்ந்தெடுத்தது மண்ணை மூடவும் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கவும்தான். தீனி என்ற கேள்வியே அங்கே எழவில்லை. முப்பது வருடம் கொடியோடு வாழ்ந்த எனக்கே ஓய்வுபெற்று இரண்டு ஆடு வாங்கியபிறகுதான் இது உறைத்தது. பியூரேரியாவும் சென்ட்ரோவும் வேறு. இரண்டையும் ஆடு தின்னும், சென்ட்ரோவை விரும்பியே தின்னும்.

உன் புளிப்பு மேட்டுக்கு நான் சொல்லும் செடிகள் மூன்று. தமிழ்நாட்டில் முயல்மசால் என்பார்களே, இங்கே எல்லோரும் ஸ்டைலோ என்கிறோம், அது முதலாவது. தென்னமெரிக்காவின் மட்டமான புளிப்பு மண்ணில் பிறந்தது, சுண்ணாம்பு கேட்காது, குறைந்த மணிச்சத்திலும் ஓட்டிவிடும். ஒரு பலவீனம் உண்டு. ஆந்த்ராக்னோஸ் என்ற பூசணக் கருகல் 1970களில் ஆஸ்திரேலியாவில் ஸ்டைலோவைப் பரவலாய் நாசம் செய்தது. நோயைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்கு. இரண்டாவது சென்ட்ரோ. மூன்றாவது நம் சங்குப்பூ, வேலியில் படரவிட்டு மலாய்க்காரர் சோற்றுக்கு நீலம் ஏற்றுகிறார்களே அதுவே. ஆடு கடைசித் தண்டுவரை மேயும்.

சவுண்டலை மட்டும் இங்கே நம்பாதே. பெத்தாய் பெலாலாங் என்று சாலையோரம் எங்கும் நிற்பதால் நம் மண்ணுக்கு ஏற்றது என்று நினைக்கிறாய். சாலையோரம் என்றால் சுண்ணாம்புக் கல், கட்டட இடிபாடு. புளிப்பு மேட்டில் அது குதிரைமசாலைப் போலவே திணறும். அதன் இலையில் மிமோசின் என்ற நஞ்சும் உண்டு. ஹவாய் தீவின் ஆடுகள் அதைத் தின்று நலமாய் இருப்பதைக் கண்டு, அவற்றின் இரைப்பையில் அந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலியர் கண்டுபிடித்தார். 1992ல் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆட்டு வயிற்றில் பெயர் நிலைத்த மனிதர். உன் ஆடுகள் ஹவாயில் பிறக்கவில்லை, அளவோடு போடு.

இப்போது அந்தக் கவலை.

குறைந்த துத்தநாகத்தில் நன்றாக வளரும் செடியைத் தேர்ந்தெடுத்தாய் என்று வைத்துக்கொள். பச்சைப் பசேலென்று நிற்கிறது. நீ நிம்மதியாய்த் தூங்குகிறாய். ஆடு? குதிரைமசாலின் உலர்ந்த இலையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் இருந்தால் அந்தச் செடிக்குப் பஞ்சமில்லை. மாட்டுத் தீவனத்தில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் அட்டவணை சொல்கிறது. ஆட்டுக்கும் அதைச் சுற்றித்தான். கணக்கை நீயே போட்டுக்கொள். சிக்கனக்கார ரகம் தன் பசியை நன்றாக அடக்கும், உன் ஆட்டின் பசியை அது தீர்ப்பதில்லை. மண்ணிலிருந்து தோண்டி எடுத்து இலையில் சேர்க்கும் ரகமும் பச்சையாய்த்தான் இருக்கும், சிக்கனமாய் ஓட்டும் ரகமும் பச்சையாய்த்தான் இருக்கும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இலையைச் சோதித்தால்தான் தெரியும். ஆய்வுக் கட்டுரைகளில் தாங்கும் திறனைத் துத்தநாகம் போடாத விளைச்சலைப் போட்ட விளைச்சலால் வகுத்து நூற்றுக்கு இத்தனை என்று கொடுப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்து மயங்காதே. இயல்பாகவே குட்டையான ரகம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிவிட்டு உன் தொட்டியில் அரைக் கூடை தழைகூடத் தராமல் போகலாம். முதலில் எத்தனை கிலோ என்று பார், பிறகு இலையில் எத்தனை மில்லிகிராம் என்று பார். சதவீதம் கடைசி.

ஆட்டில் குறை எப்படித் தெரியும் என்றால், கண்ணைச் சுற்றியும் காலிலும் தோல் தடித்துச் செதிலாகும், முடி கொட்டும், குளம்பு கெடும், கிடாக்குட்டியின் விரை சரியாய் வளராது. உன் படத்தில் கருப்புக் கிடாயின் முன்னங்காலில் ஏதோ தெரிகிறது. சொறியாகவும் இருக்கலாம். கால்நடை இலாகா டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டு, என் வாக்கைக் கேட்டு மருந்து போடாதே. தாதுக்கட்டி தொங்கவிட்டால் ஆட்டின் துத்தநாகக் குறையை அதுவே பெரும்பாலும் சரிசெய்யும், மலிவும் கூட. ஆனால் நீ அடுத்து வாங்கப்போவதாய்ச் சொன்ன செம்மறிகளுக்கு மாட்டுத் தாதுக்கட்டியை வைத்துவிடாதே, அதிலுள்ள செம்பு செம்மறியைக் கொன்றுவிடும்.

இனி நீ செய்ய வேண்டிய வேலை. பழைய லயத்துத் தகரக் கூரைக்குக் கீழே, தண்ணீர் சொட்டும் வரிசையில் மட்டும் கொடி இலை பெரிதாய் நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, கெட்டிக்காரி. அந்தத் தகரத்தின் பூச்சே துத்தநாகம்தான், மழைநீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கழுவிக் கீழே கொடுக்கும். ஆனால் அதே வரிசையில் தண்ணீரும் அதிகம், ஆடு ஒதுங்கிப் படுத்து இட்ட புழுக்கையும் அதிகம். அதனால் அதைச் சாட்சியாய் எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாய் எடுத்துக்கொள்ள முடியாது.

தீர்ப்புக்கு இதைச் செய். பாழாய்ப்போன அந்த அரை ஏக்கரில் ஆறடிப் பாத்திகள் போடு. ஸ்டைலோ, சென்ட்ரோ, சங்குப்பூ, மீந்திருக்கும் குதிரைமசால், நான்கும். ஒவ்வொன்றுக்கும் ஆறு பாத்தி, ஓரிடத்தில் சேர்த்துவிடாமல் கலைத்துப் போடு. மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று வரட்டும். ஆறில் மூன்றுக்கு மட்டும் துத்தநாகம் தெளி. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சிங்க் சல்பேட், அதோடு இரண்டரை கிராம் நீர்த்த சுண்ணாம்பு, இல்லாவிட்டால் இளம் இலை கருகும். சாயங்காலம் தெளி, இரண்டு வாரம் கழித்து மீண்டும் தெளி. மற்ற மூன்று பாத்திக்கு வெறும் தண்ணீர். எட்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் அறுத்து நிறு. அறுப்பதற்கு முன், தெளிக்காத பாத்திகளிலிருந்து நுனி இலைகளைக் கிள்ளிக் காகிதப் பையில் போட்டு வை. துருப்பிடித்த அரிவாளோ தகர டப்பாவோ அதைத் தொடக் கூடாது, அந்தத் தகரமே உன் கணக்கைப் பொய்யாக்கும்.

தெளித்ததும் தெளிக்காததும் ஒரே எடை என்றால் உன் குறை துத்தநாகம் அல்ல. கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வேறு பக்கம் தேடு. தெளித்தது மட்டும் எழுந்து நின்றால் அந்தச் செடிக்கு இந்த மண்ணில் ஊன்றுகோல் வேண்டும். அதை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை உன் பணப்பை சொல்லும். தெளிக்காததும் சேர்ந்து நன்றாய் நின்று, இலையில் 30ஐத் தாண்டியும் இருந்தால், அந்தச் செடியின் விதையைப் பத்திரப்படுத்து.

மண் சோதனையும் செய்யச் சொல்லியிருப்பார்கள், செய். ஆனால் எண்ணைப் படிக்கும்போது ஊரைப் பார். டி.டி.பி.ஏ. என்ற சாற்றில் கரையும் துத்தநாகம் 0.6 பி.பி.எம்.முக்குக் கீழே போனால் குறை என்று இந்தியாவில் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தார் தமிழ்நாட்டு மண்ணுக்கு 1.2 என்று வைத்திருக்கிறார்கள். ஒரே சோதனைக்கு இரண்டு கோடு. அந்தச் சாறே சுண்ணாம்பு மண்ணை மனத்தில் வைத்து உருவாக்கியது. காணொளியில் கேட்ட எண்ணைக் கொண்டுவந்து கோல கெட்டில் மண்ணுக்குப் பொருத்தி வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

மண்ணில் போட வேண்டி வந்தாலும் அளவு கொஞ்சம்தான். தமிழ்நாட்டில் நெல்லுக்கு ஹெக்டருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட் என்பார்கள். உன் அரை ஏக்கருக்கு அந்தக் கணக்கில் ஐந்து கிலோ. போட்டது சில பருவங்களுக்கு நிற்கும், வருடா வருடம் கொட்டத் தேவையில்லை. நான் மூட்டை வேண்டாம் என்றது இதனால்தான். இன்னொன்று, உன் சிநேகிதி வேலைபார்க்கும் கையுறை ஆலையிலிருந்து கழிவுச் சகதி இலவசமாய்க் கிடைக்கும், அதில் துத்தநாகம் நிறைய என்று எழுதியிருந்தாய். உண்மைதான். ரப்பரைப் பதப்படுத்த சிங்க் ஆக்சைடு இல்லாமல் முடியாது, நாங்கள் வெட்டிய பாலைக் கெடாமல் வைக்க அதையும் சேர்த்தார்கள். கூலிம் முதல் இங்கே வரை ஆலை ஆலையாய் மூட்டைக் கணக்கில் இறங்கும் பொருள், உன் கொடி நுனியில் மட்டும் இல்லை. வேடிக்கைதான். ஆனால் அந்தச் சகதியில் அதோடு வேறு என்னென்ன இருக்கும் என்று சோதிக்காமல் ஒரு வாளிகூட உன் மண்ணில் விழக் கூடாது. போட்டால் திரும்ப அள்ள முடியாது.

சுண்ணாம்பு விஷயத்தில் உன்னைத் திட்ட மாட்டேன். இனிமேல் போடாதே, அவ்வளவுதான். நம் மழை அதைக் கழுவிக் கொஞ்சம் கொஞ்சமாய் மண்ணைப் பழைய புளிப்புக்கு இழுத்துக்கொண்டு போகும். அதற்குள் ஆட்டு எருவை நன்றாய் மக்கவைத்து அந்தக் கப்பியின் மேல் பரப்பு, பள்ளத்தில் கிடக்கும் மேல்மண்ணில் பத்து தள்ளுவண்டி ஏற்று. உன் அப்பாவையே தள்ளச் சொல்.

அடுத்த ஞாயிறு வருகிறேன். பாலிங் பஸ்ஸில் வந்து இறங்குவேன், ஒன்பது மணிக்கு முச்சந்திக்கு வா. தராசு என்னிடம் ஒன்று இருக்கிறது, கித்தாக் கட்டிப்பால் நிறுத்த பழைய தராசு, சரியாய்க் காட்டும். ஸ்டைலோ விதையும் அரைக் கிலோ எடுத்து வருகிறேன், வெந்நீர் மட்டும் வைத்திரு.

பெரியப்பா.

பி.கு.: குதிரைமசால் விதை இன்னும் இரண்டு கிலோவுக்குச் சொல்லிவைத்திருக்கிறாயாமே, உன் அம்மா சொன்னாள். இன்றைக்கே கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடு.